மூன்றாம் தவணையும் எங்கள் ஒக்டோபரும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறோம், அதற்காகவாவது கீழே வரைக்கும் வாருங்கள்.

போன கிழமை நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. படத்தில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நிற்கிறது, பிள்ளைகள் இலைக் குவியலுக்குள் புரள்கிறார்கள். "டீச்சர், எங்கட ஊரில இலை கொட்டுற காலம் எப்ப வரும்?" எங்கட வேம்பு மாசி, பங்குனியில்தான் கொட்டும் மகள், ஒக்டோபரில் இங்கே கொட்டுவது மழை என்றோம். வகுப்பே சிரித்தது. அன்று பின்னேரமே மழையும் வந்து, மைதானத்தில் கணுக்கால் அளவு வெள்ளம் நின்றது. எங்களை வெட்கப்படுத்தாமல் வந்த மழைக்கு அல்ஹம்துலில்லாஹ்.

ஆரம்பப் பாடசாலை ஒன்றில் மூன்றாம் தவணை எப்படிப் போகும் என்று பெற்றோருக்குத் தெரியும். ஒக்டோபர் 1 சிறுவர் தினம். 6 ஆசிரியர் தினம். அன்றைக்குப் பிள்ளைகள் எங்களுக்குப் பாடம் நடத்துவார்கள், எங்கள் குரலையும் நடையையும் அப்படியே செய்து காட்டுவார்கள், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். மாதம் முழுக்கத் தேசிய வாசிப்பு மாதம். இடையில் டெங்குச் சிரமதானம்: சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர் எல்லாம் பொறுக்க வேண்டும். கார்த்திகை பிறந்தால் மரநடுகை. அதற்குப் பிறகு வருட இறுதிப் பரீட்சை, தேர்ச்சி அறிக்கை, வகுப்பேற்றம்.

இந்த வருட வாசிப்பு மாதத்துக்கு வழமையான கட்டுரைப் போட்டி வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வரட்டும் என்று சொல்லியிருந்தோம். சுவர்ப் பத்திரிகைக்கு நல்ல விஷயம் கிடைக்கும் என்பதுதான் எங்கள் எண்ணம். வந்த தாள்களை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தபோது சத்தம் அடங்கிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் கதை ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தது. ஒரு பிள்ளை உம்மம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தது: "நான் அஞ்சாம் வகுப்பு. மூண்டாம் தவணை முடியேல்ல."

அந்தத் தவணை 1990ஆம் ஆண்டின் மூன்றாம் தவணை. இந்த ஒக்டோபர் 30உடன் 35 வருடமாகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் ஒக்டோபர் எங்கள் ஊருக்கு எப்போதுமே துக்க மாதமாக இருந்ததில்லை. அதை முதலில் சொல்ல வேண்டும்.

1911 ஒக்டோபர் 4ஆம் திகதி வண்ணார்பண்ணையில் ஒரு பிள்ளை பிறந்தது. பின்னாளில் கொழும்பு ஸாஹிராவின் அதிபராகவும் செனட்டராகவும் இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். குர்ஆன் மத்ரஸாவில் தொடங்கிய பிள்ளை வைத்தீஸ்வர வித்தியாலயத்துக்குப் போனது, பிறகு யாழ் இந்துக் கல்லூரிக்குப் போனது. 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம் ஆனார். சோனகத் தெருப் பிள்ளை ஒன்று இந்துப் பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்து தமிழும் இலக்கியமும் படித்தது அந்தக் காலத்தில் ஒரு புதினமாகவே தெரியவில்லை. கால்நடையாகப் போய்வரும் தூரத்தில் இருந்த நல்ல பள்ளிக்கூடம் அது, அவ்வளவுதான்.

1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் காசில்லாமல் படிக்கலாம் என்று ஆக்கியவர் அன்றைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. (நன்றிக் கடன் எப்படித் தீர்த்தோம் என்றால், 1947 தேர்தலில் அவரைத் தோற்கடித்தோம். நாட்டைச் சொல்கிறோம்.) நாங்கள் சிறுவர் தினம் கொண்டாடும் அதே திகதிதான் அது. பலூன் ஊதும் அவசரத்தில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். அதே 1945இல்தான் அஸீஸ் அவர்கள் முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியத்தையும் தொடங்கினார். கட்டணம் இல்லாவிட்டாலும் கொப்பிக்கும் உடுப்புக்கும் சாப்பாட்டுக்கும் காசு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு எங்கள் ஊர் நிமிர்ந்த காலம். 1955இல் எம்.எம். சுல்தான் அவர்கள் யாழ் மாநகர முதல்வராக இருந்தார். 1963இல் ஒஸ்மானியாக் கல்லூரி. பெண்பிள்ளைகளுக்குக் கதீஜா. தையற்காரர், இரும்புக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், லொறிக்காரர் என்று இருந்த வாப்பாமாரின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் டொக்டர்களாகவும் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஐந்தாம் வகுப்பு வரைக்குமான சின்னப் பள்ளிக்கூடங்கள். எங்களைப் போன்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களை எந்தப் பொன்விழா மலரிலும் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள். அது வேறு கதை.

1990 ஒக்டோபர் 30 ஒரு செவ்வாய்க்கிழமை. ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தபடியால் அந்த வருடம் படிப்பு ஏற்கெனவே குழம்பித்தான் கிடந்தது. மாத நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்களை வெளியேற்றிவிட்டார்கள். மன்னாரிலும் வன்னியிலும் அதுவே நடந்துகொண்டிருந்தது. அன்று காலை பத்தரை மணியளவில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் எங்கள் தெருக்களுக்குள் வந்தன. எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வர வேண்டும் என்றார்கள். அங்கே வைத்து விடுதலைப் புலிகளின் பொறுப்பாளர் சொன்னது: இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும். கையில் 150 ரூபாய், ஒரு மாற்றுடுப்பு. வழியில் மறித்துச் சோதித்தார்கள். காதில் கிடந்ததையும் கழற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்தச் சில கிழமைகளில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர்.

அந்த மைதானம் ஒஸ்மானியாவின் விளையாட்டு மைதானம். பிள்ளைகள் ஓடிப் பழகிய இடத்தில்தான் அந்தக் கட்டளை வாசிக்கப்பட்டது. இந்த ஒரு விஷயத்தை நாங்கள் இன்னும் சரியாக யோசித்துப் பார்க்கவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வீடு, கடை, நகை, உறுதி என்று இழப்புகளைக் கணக்குப் பார்த்தோம். ஆணைக்குழுக்களுக்கு எழுதிக் கொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் என்ன இழந்தோம் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் அது வேண்டும். பெயர், பிறந்த திகதி, எத்தனையாம் வகுப்பு, எந்தத் திகதியில் விலகியது, ஏன் விலகியது என்றெல்லாம் எழுதி அதிபர் ஒப்பம் வைக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் யார் போய் யாரிடம் விடுகைப் பத்திரம் எழுதி வாங்குவது? அதிபரும் பொட்டலத்தோடு அதே வரிசையில்தானே நின்றார்! உம்மம்மாமார் சொல்கிறார்கள், வவுனியா தாண்டிப் போய்ச் சேர்ந்த இடத்தில் பள்ளிக்கூடமொன்றில் "பத்திரம் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார்களாம். கேட்டவரில் குற்றமில்லை, அது அவருடைய வேலை. ஆனால் 'விலகியதற்கான காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அந்தத் தாய்மாருக்குத் தெரிந்திருக்கவில்லை.

புத்தளத்துச் சனம் எங்களைத் தாங்கியது. அதை எத்தனை தரம் சொன்னாலும் காணாது. தங்கள் பள்ளிக்கூடத்தைக் காலையில் தங்கள் பிள்ளைகளுக்கும் பின்னேரத்தில் அகதிப் பிள்ளைகளுக்கும் என்று பிரித்துத் தந்தார்கள். முகாம்களில் கிடுகுக் கொட்டில் பள்ளிக்கூடங்கள் எழும்பின. இதை எழுதுகிற நாங்கள் அப்படியொரு கொட்டிலில் அகரம் எழுதியவர்கள்தான். வெளியேற்றத்தின்போது சிலர் கைக்குழந்தை, சிலர் பிறக்கவேயில்லை. பின்னேர வகுப்பென்றால் மத்தியான வெயில் முழுக்கக் கிடுகுக்குள். மழைக்காலத்தில் பலகையை ஒழுக்கில்லாத பக்கமாக நகர்த்தி நகர்த்தி எழுதினோம். ஆசிரியர்களில் பலர் சம்பளமில்லாத தொண்டர்கள், தாங்களே அகதிகள். பிற்பாடு கலாசாலையில் கற்பித்தல் முறைகள் பற்றி எத்தனையோ விரிவுரை கேட்டோம். அவர்களைப் பற்றி ஒரு வரியும் எந்தக் குறிப்பிலும் இருக்கவில்லை.

1995இலும் ஓர் ஒக்டோபர் 30 வந்தது. சரியாக ஐந்து வருடம். இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். இலட்சக்கணக்கான தமிழ்ச் சனம் பிள்ளைகளையும் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. முகாமில் வானொலியைச் சுற்றி நின்ற பெரியவர்களில் ஒருவர் "அல்லாஹ் காட்டிட்டான்" என்றது ஞாபகம் இருக்கிறது. உடனே இன்னொருவர், "வாயை மூடு, அதுவும் பிள்ளைகள்தான்" என்று சத்தம் போட்டார். இரண்டு பேரும் எங்கள் சொந்தக்காரர்கள். இரண்டு குரலும் இன்றைக்கும் எங்களுக்குள் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

இன்று எங்கள் ஆசிரியர் அறையில் அன்று பாலம் கடந்த ஒரு தமிழ் டீச்சரும் இருக்கிறார். பிள்ளைகளின் தாள்களை எங்களோடு சேர்ந்து அடுக்கியவர் அவர்தான். உம்மம்மாவின் அந்த வரியை வாசித்துவிட்டு, "எனக்கும் அந்தத் தவணை முடியேல்ல டீச்சர்" என்றார். வேறொன்றும் பேசவில்லை. மணி அடித்துவிட்டது.

திரும்பி வந்த கதையை நீட்டவில்லை, நீங்கள் எல்லோரும் வாழ்ந்த கதை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்ற பேச்சு, ஏ9 திறந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டது. 2009க்குப் பிறகு மறுபடி. வந்து பார்த்தால் கூரையில்லை, நிலை கதவில்லை, அறைக்குள் மரம் வளர்ந்து நிற்கிறது.

ஊர் திரும்புவது வீட்டுத்திட்டத்தில் தங்கியிருக்கிறது என்று கூட்டங்களில் பேசுகிறோம். எங்கள் அனுபவத்தில் அது முதலாம் வகுப்பின் சேர்வு இடாப்பில் தெரியும். வாப்பா மட்டும் வந்து கடை போட்டால் அது வியாபாரம். பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்த்தால்தான் குடும்பம் வந்ததென்று கணக்கு. இன்றைக்கும் சில பிள்ளைகள் தை மாதம் எங்களிடம் இருக்கிறார்கள், நடுவில் புத்தளம் போகிறார்கள், சிலர் திரும்பி வருகிறார்கள், சிலரை வருவார்கள் என்று இடாப்பில் பெயரை வெட்டாமல் வைத்திருக்கிறோம். காணியில்லை, வீடு அரைகுறை, உம்மாவின் குடும்பம் அங்கே. காரணங்கள் எல்லாம் நியாயம்தான். ஆனால் ஒரே வருடத்தில் இரண்டு பள்ளிக்கூடம் மாறுகிற பிள்ளை வாசிப்பில் பின்தங்குகிறது. பெற்றோரே, மூன்றாம் தவணை முடியும் வரையாவது பிள்ளையை ஒரே இடத்தில் இருக்க விடுங்கள். இதை நாங்கள் கெஞ்சித்தான் கேட்கிறோம்.

இந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டுவதா என்று எங்களுக்குள் வாதம் வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது தேவையா, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளையோடு நாளைக்கு எப்படி விளையாடும் என்று ஒரு பக்கம். நாங்கள் சொல்லாவிட்டால் வேறு யாரோ கைத்தொலைபேசியில் வேறு மாதிரிச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று மறுபக்கம். கடைசியில் ஒட்டுவதென்று முடிவானது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: 1911, 1945, 1963, 1990, 1995 எல்லாம் ஒரே சுவரில் வர வேண்டும். தமிழ் டீச்சரும் தன் பக்கத்தை எழுதித் தருகிறார்.

இப்போது உதவி. அந்தச் சுவரில் 1990க்கு முந்தைய எங்கள் சின்னப் பள்ளிக்கூடங்களின் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. உங்களில் யாரிடமாவது பழைய தேர்ச்சி அறிக்கை, வகுப்புப் படம், பரிசுப் புத்தகம், கொப்பியின் ஓர் ஒற்றையாவது இருந்தால் தாருங்கள். பிரதி எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, வெளிநாடு எங்கிருந்தாலும் படம் எடுத்து அனுப்பலாம். ஒன்றுமே இல்லாதவர்கள் அந்த வருடம் உங்கள் வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தார், வகுப்பாசிரியர் யார் என்று எழுதி உள்பெட்டியில் போடுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் பெயரை வெளியில் போட மாட்டோம்.

கண்காட்சி ஒக்டோபர் 30, வியாழக்கிழமை, பாடசாலை முடிந்த பிறகு. அஸருக்கு முன் முடித்துவிடுவோம். மழை பெய்தால் மைதானத்தில் இல்லை, ஐந்தாம் வகுப்பு மண்டபத்துக்குள். குடை கொண்டு வாருங்கள். செருப்பைக் கழற்றி வாசலில் ஒதுக்கி விடுங்கள், மண்டபம் கழுவுவது பிள்ளைகள்.