44-ஆம் எண் சாலையில் ஒரு மஃப்ளர்

மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. இளஞ்சிவப்புப் பழுப்பில், உடம்போடு ஒட்டிய குட்டை மயிர்தான். மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர்ப் பக்கம் மேய்கிற இந்த ஆடு கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. பொட்டனேரியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் கத்தரியை எடுத்துக்கொண்டு போனால் ஒரு பிடி ரோமம் தேறாது. சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடுகிற பூமியில் ஆடு வேறெப்படி இருக்கும்? ஆகவே சேலத்தில் ஒருவர் உட்கார்ந்து கம்பளி மஃப்ளர் பின்னுகிறார் என்றால், ஊசி முதல் நூல் வரை எல்லாம் வெளியூர்ச் சரக்கு. கையும் பொழுதும் மட்டும் உள்ளூர்.

நான் சொல்ல வந்த மஃப்ளர் என் மனைவி தன் தோழிக்காகப் பின்னியது. தோழிக்குச் சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். கேந்திரிய வித்யாலயாவில் ஆசிரியை. அந்த வேலையில் மாற்றல் என்றால் பக்கத்துத் தாலுகாவுக்கு இருக்காது. உதம்பூர் என்று ஆணை வந்தது. ஜம்முவுக்கும் வடக்கே. உயரத்தில் ஏற்காட்டுக்குப் பாதிதான் அந்த ஊர். ஏற்காட்டில் போட்ட சால்வை அங்கேயும் போதும் என்று நினைத்துப் போன தோழி, முதல் ஜனவரியிலேயே போன் செய்து, "கழுத்துக்குள்ள காத்து போகுதுடி" என்றாள். கோடை விடுமுறைக்கு அவள் வருவதற்குள் மஃப்ளர் ரெடியாக இருக்க வேண்டும் என்று இங்கே முடிவாகிவிட்டது.

கடையில் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டது உண்மை. கார்த்திகை பிறந்தால் தமிழ்நாட்டு ஊர்களில் திபெத்தியர்கள் வரிசையாகக் கடை போட்டு ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா விற்கிறார்கள். அங்கே தொங்குவதில் பெரும்பகுதி இமயமலையில் பின்னியது என்று நம்மவர்களுக்கு ஒரு எண்ணம். அதெல்லாம் லூதியானாவில் மொத்தமாக வாங்கி வந்த மில் சரக்கு. நல்ல சரக்குதான், விலையும் மலிவு. என் மனைவியின் பதில் ஒரே வரி: "அதை அவளே வாங்கிக்குவா."

லூதியானா என்ற பெயர் இந்தக் கதையில் அடிக்கடி வரும். காரணம் சாலை. சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை 44, வடக்கே ஸ்ரீநகரில் தொடங்கி உதம்பூர், ஜம்மு, லூதியானா, டெல்லி, நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு என்று இறங்கி வருகிறது. நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை இது. 2010-ல் எண்களை மாற்றியபோது பழைய 7-ஆம் எண் சாலையின் பெரும்பகுதியையும் வடக்கத்திச் சாலைகள் சிலவற்றையும் சேர்த்து ஒரே எண் கொடுத்தார்கள். நாமக்கல் டிரைவர்களுக்கு லூதியானா பழகின ஊர். எந்த தாபாவில் வண்டியை நிறுத்தினால் சோறு கிடைக்கும் என்பது வரை தெரியும். நூல் வந்தது இந்தத் தடத்தில்தான்; மஃப்ளர் போனது ரயிலில் என்றாலும் போன திசை இதுவே.

நூல் வாங்கிய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். 'உல்லன்' என்று கேட்டதும் கடைக்காரர் பலகைமேல் பத்து நிறத்தில் உருண்டைகளை அடுக்கினார். மனைவி ஒன்றில் விரல் நீளம் நூலைப் பிய்த்து, தீப்பெட்டி கேட்டாள். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இது பழகிய சோதனை. அசல் பட்டா, ஆர்ட் சில்க்கா என்று நெசவாளர் பார்ப்பதும் இப்படித்தான். நூல் தீயைக் கண்டதும் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பு மணியாகக் கெட்டித்தது. பிளாஸ்டிக் நாற்றம். "இதுவும் உல்லன்தானுங்க. அக்ரிலிக் உல்லன்" என்றார் கடைக்காரர். அக்ரிலிக்கில் தப்பொன்றும் இல்லை. துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது. ஆனால் அசல் கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரம் தெரியாது. மூச்சுக்காற்று பட்டுப் பட்டு நனைகிற மஃப்ளருக்கு இந்தக் குணம் முக்கியம். "லூதியானாவுல சொல்லி வரவழைக்கறேன், பத்து நாள் ஆவும்" என்றார். வந்தது. சுட்ட செங்கல் நிறம், மெரினோ என்று சீட்டு. மறுபடியும் தீக்குச்சி. இம்முறை நூல் எரிய மாட்டேன் என்பதுபோல் பொசுங்கி, தலைமயிர் கருகும் வாடை அடித்தது. சாம்பலைத் தேய்த்தால் பொடி.

மெரினோ இந்திய ஆடும் இல்லை. நம் நாட்டுக் கம்பளியில் பெரும்பகுதி முரடு; கம்பளிப் போர்வைக்கும் கார்ப்பெட்டுக்கும் ஆகும், கழுத்தில் சுற்றினால் அரிக்கும். மெல்லிய நூலுக்கு லூதியானா மில்கள் ஆஸ்திரேலியக் கம்பளியைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்த ஊருக்குக் கம்பளித் தொழில் வந்ததே ஒரு துயரத்தின் வழியாக. 1833-ல் காஷ்மீரில் பஞ்சம் வந்தபோது பிழைப்புத் தேடிக் கீழே இறங்கிய சால்வை நெசவாளர்களில் பலர் அங்கே தங்கிவிட்டார்கள். சால்வைத் தறிக்குப் பின்னால் பின்னல் இயந்திரம் வந்தது, பிறகு மில்கள். மலையிலிருந்து இறங்கிய தொழிலில் திரித்த நூல், சேலம் வந்து மறுபடி ஜம்மு மலைக்கு ஏறப்போகிறது.

ஊசி இன்னொரு மலையிலிருந்து வந்தது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிற கேத்தியில் 1949-ல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் தயாரிக்கிற 'போனி' ஊசிகளைத் தொடாத தையல்காரர் இந்தியாவில் குறைவு. இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் ஸ்டட்லி என்ற ஊசிக்கார ஊரின் கம்பெனி நீலகிரியில் போட்ட கிளை அது. அன்னியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டார் பங்கைக் குறைக்க வேண்டிவந்தபோது எழுந்த தகராறு உச்ச நீதிமன்றம்வரை போய், 1981-ல் தீர்ப்பானது. கம்பெனிச் சட்டம் படிக்கிற மாணவருக்கு இன்றும் அது பாடம். அதே நீலகிரியில் சாண்டிநல்லாவில்தான் நீலகிரி ஆட்டு இனத்தையும் பேணுகிறார்கள். உள்ளூர் ஆட்டோடு மெரினோ போன்ற சீமை ஆடுகளைக் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவான இனம். உடுப்புக்காகும் மெல்லிய கம்பளி தெற்கே கிடைப்பது அதனிடம்தான். எண்ணிக்கை சுருங்கிப்போய்விட்டது. அந்த ஆடு பெருகியிருந்தால் நூலுக்கு லூதியானாவரை போகவே வேண்டாம்.

ஊசி நம்பரில் ஒரு வேடிக்கை. நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் கணக்குதான்: எட்டாம் நம்பர் நான்கு மில்லிமீட்டர், பத்தாம் நம்பர் அதைவிட மெலிசு. நம்பர் ஏற ஏற ஊசி ஒல்லியாகும். வெளியூர்க்காரர்கள் இதில் குழம்புவார்கள். நாற்பதாம் நம்பர் நூலைவிட அறுபதாம் நம்பர் சன்னம் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சேலத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆறாம் நம்பர் ஊசி, நூல் இரட்டைப் புரி, 38 கண்ணி. இரண்டு ஓரமும் நாலு நாலு கண்ணி. நடுவில் ஆறு கண்ணியில் மூன்று சடை. சடைக்கு முன்னும் பின்னும் மும்மூன்று கண்ணிப் பள்ளம். ஓரத்து நாலு கண்ணியை இரண்டு பக்கமும் 'நிட்' போட்டே போக வேண்டும், இல்லாவிட்டால் மஃப்ளர் அப்பளம்போல் சுருண்டுவிடும். சடை போடுவது பார்க்க மந்திரம், செய்வது வெறும் இடமாற்றம். ஆறு கண்ணியில் முதல் மூன்றை ஒரு குட்டை ஊசியில் எடுத்து முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றை முதலில் பின்னிவிட்டு, தொங்குகிற மூன்றை அப்புறம் பின்ன வேண்டும். முன்னால் விட்டால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் விட்டால் வலப்பக்கம். அவ்வளவுதான். பிறகு ஏழு வரிசைக்கு ஒன்றும் கிடையாது, எட்டாவதில் மறுபடி முறுக்கு. இடம் மாறும்போது கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் துணி அகலத்தில் இழுத்துக்கொள்கிறது. அதே அகலத்துக்குச் சாதாரணப் பின்னலைவிட நூல் அதிகம் தின்னும். ஆனால் ஏறிய இடமெல்லாம் இரட்டைத் தடிமன், மடிப்புக்குள் காற்று நிற்கும். குளிருக்குச் சடை மஃப்ளர் கேட்பது அழகுக்காக மட்டும் இல்லை.

இதே சடைதான் அயர்லாந்தின் அரான் தீவு ஸ்வெட்டர்களிலும். கடலில் மூழ்கிய மீனவரின் உடலைப் பின்னல் வடிவத்தை வைத்துக் குடும்பம் அடையாளம் கண்டுகொள்ளும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சடை என்று சொல்வார்கள். நெகிழ வைக்கிற கதை. ஆனால் அதற்கு வேர் ஜே. எம். சிங் எழுதி 1904-ல் மேடையேறிய ஒரு நாடகம். அதிலும் அடையாளம் காட்டுவது சடை ஸ்வெட்டர் அல்ல, காலுறையில் தவறவிட்ட கண்ணிகள். சடை வைத்த அரான் ஸ்வெட்டர் பரவலானதே இருபதாம் நூற்றாண்டில்தான். விற்பனைக்கு உதவிய கதையை யாரும் திருத்தப் போகவில்லை.

மே மாதத்துச் சேலத்தில் கம்பளி பின்னுவதைப் பற்றி என்ன சொல்ல? மடியில் மஃப்ளர் வளர வளர அது தொடையில் போட்ட கணப்பு. ஃபேனை வேகமாக வைத்தால் நூலின் பிசிறு மூக்கில் ஏறும், நிறுத்தினால் உள்ளங்கை வேர்த்து அலுமினிய ஊசியில் கண்ணி நகராது. பக்கத்திலேயே ஒரு வேட்டித் துண்டு கிடக்கும், பத்துக் கண்ணிக்கு ஒருதரம் ஊசியைத் துடைக்க. அம்மாப்பேட்டையிலிருந்து வந்த என் பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவு இல்ல, ஊடை இல்ல, ஒத்த நூல்ல என்னம்மா துணி?" என்றாள். தறிக்காரக் குடும்பத்தில் நியாயமான சந்தேகம். நெய்த துணி கிழியும். பின்னிய துணியில் நுனி கிடைத்தால் கடைசிவரை நூலாகவே திரும்பிவிடும்.

தோழியின் ஊர்ப் பக்கத்தாருக்குக் கைவேலையின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியது 1925-ல். கதர் அங்கே அன்றாட வேலை. கையால் நூற்ற நூல் அரண்மனைவரை போனதும் உண்டு. 1947 நவம்பரில் பிரிட்டனின் எலிசபெத் இளவரசிக்குக் கல்யாணம். காந்தி தன் கையால் நூற்ற நூலில், நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்று குரோஷா போட்ட ஒரு விரிப்பைப் பரிசாக அனுப்பினார். மவுண்ட்பேட்டன் கல்யாணத்துக்கு லண்டன் போன அந்த இரண்டு வாரம் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்தவர், ஒருகாலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த அதே ராஜாஜி. வைரங்களுக்கு நடுவே அந்த விரிப்பைக் கண்ட பாட்டி மேரி ராணி அதைக் காந்தியின் அரைத்துணி என்று நினைத்து முகம் சுளித்தாராம். அரண்மனை அதைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறது.

பின்னி முடித்ததும் குளியல். வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவிட்டு, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, பாயில் நீளவாட்டில் விரித்துக் குண்டூசி குத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் சடை பள்ளத்திலிருந்து எழுந்து நிற்கும். குளிர்நாட்டில் காய இரண்டு நாள் ஆகும். சேலம் மொட்டை மாடி நிழலில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஊர் கம்பளிக்கு ஏற்ற ஊர்.

தோழி வந்தாள், கழுத்தில் சுற்றிப் பார்த்து ஒரு நிமிடத்தில் கழற்றினாள். "ஏனுங்ணா, இந்த வெயில்ல இவளுக்கு வேற வேலையே இல்லீங்களா?" என்றாள் என்னிடம். என்ன பதில் சொல்வது? ஜூனில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டோம். கன்னியாகுமரியிலிருந்து கத்ரா போகிற வண்டி, வாரத்துக்கு ஒருமுறை. சேலத்தில் ஏறினால் லூதியானாவைக் கடந்து உதம்பூரைத் தொட்டுத்தான் போகும்.

டிசம்பரில் வந்த போன் கொஞ்சம் சுவாரசியம். அங்கே ஆசிரியைகள் இடைவேளையில் வெயிலில் நாற்காலி போட்டு ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள். மஃப்ளரை யாரும் அழகு என்று சொல்லவில்லை. முதல் காரியமாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்களாம். நூல் இணைத்த இடம் எங்கே என்று தேடினார்களாம். ஒரு பஞ்சாபி அம்மாள், சடைக்குத் தனி ஊசி எதற்கு, கண்ணியை விரலால் பிடித்தே மாற்றலாமே என்று செய்தும் காட்டியிருக்கிறார். இங்கே என் மனைவிக்கு அது கொஞ்சம் உறைத்தது. இரண்டு நாள் கழித்து அதே அம்மாளிடமிருந்து டிசைன் கேட்டுச் செய்தி. சேலைக்கு டிசைன் போடுகிற உறவினரிடம் கட்டத்தாள் வாங்கி, முப்பத்தெட்டுக் கண்ணியையும் எட்டு வரிசையையும் பென்சிலால் நிரப்பி, படம் எடுத்து அனுப்பினாள்.

அடுத்து அவர்கள் கேட்டது ஜவ்வரிசி. நவராத்திரி விரதத்தில் அரிசி, கோதுமை ஆகாது, சாபுதானா கிச்சடிதான். அந்த சாபுதானா சேலத்துக் கிழங்கு மாவு என்று தோழி சொல்லித்தான் அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இங்கே ஏலம் போட்டு அனுப்புகிற சரக்கு அவர்கள் ஊர் மளிகைக்கடையிலேயே கிடைக்குமே என்றேன். "அதை அவங்களே வாங்கிக்குவாங்க" என்றாள் மனைவி. செவ்வாய்ப்பேட்டையில் ஐந்து கிலோ வாங்கி அனுப்பினோம். ஜவ்வரிசியைவிடத் தபால் செலவு அதிகம்.