கடை திறக்கும்போதே வெளியேறும் வழியையும் யோசியுங்கள்

புதிதாகத் தொழில் தொடங்குபவர், பின்னாளில் அதை விற்பதா, பிள்ளைகளிடம் கொடுப்பதா, மூடுவதா என்று முதலிலேயே யோசிப்பது நல்லது. பதிவு செய்யும் வகைதான் வெளியேறும் வழியையும் நிர்ணயிக்கிறது.

எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தனிநபர் வணிகமாகப் பதிவதே மலிவு. வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயருக்கு 30 ரிங்கிட். ஆனால், சட்டப்படி கடையும் உரிமையாளரும் ஒன்றே. கடையை மூடினாலும் கடன் அவரைத் தொடரும். வீட்டுக்கும் ஆபத்து வரலாம். விற்கும்போது அடுப்பு, மேசை, சரக்கு என்று தனித்தனியாக விலை பேசவேண்டும். ஊராட்சி மன்ற உரிமமும் வாடகை ஒப்பந்தமும் வாங்குபவருக்குத் தானாகப் போய்ச் சேராது.

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கூட்டுத் தொழிலில்தான் சிக்கல் அதிகம். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1961ஆம் ஆண்டு கூட்டுத் தொழில் சட்டப்படி பங்காளி ஒருவர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். அவர் மனைவி பிள்ளைகளுக்கு எவ்வளவு சேரும், அதை யார் கணக்கிடுவது? உறவு சுமுகமாக இருக்கும்போதே எழுதி வைக்காவிட்டால், துக்க வீட்டில்தான் இந்தப் பேச்சு எழும்.

செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்திற்குச் செயலாளர், ஆண்டறிக்கை என்று செலவு கூடுதல். ஆனால், பங்குகளை மாற்றிக் கொடுத்தால் தொழில் கைமாறிவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: வங்கிக் கடனுக்குச் சொந்த உத்தரவாதம் கொடுத்தவர், பங்குகளை விற்றாலும் வங்கி எழுத்துபூர்வமாக விடுவிக்கும்வரை பொறுப்பிலிருந்து நீங்கமாட்டார்.

தனிநபர் வணிகத்தையோ கூட்டுத் தொழிலையோ நிறுத்துபவர்கள் 30 நாட்களுக்குள் எஸ்எஸ்எம்மிடம் தெரிவிக்க வேண்டும். வருமான வரி, ஊழியர் சேமநிதி, சொக்சோ கணக்குகளையும் முடிக்க வேண்டும்.