போன்: திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி

பாரிஸிலிருந்து காரில் லியோன் நோக்கிப் போகிறவர்கள் சுமார் 300 கிலோமீட்டர் தாண்டியதும் காப்பி குடிக்க நிறுத்தும் ஊர்களில் ஒன்று போன் (தொலைபேசி இல்லைங்க, ஊர்ப் பெயரே அதுதான்). பர்கண்டி ஒயின் பிரதேசத்தின் நடுவில் இருக்கிறது. ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறதென்றால் பெரும்பாலோர் போய்ப் பார்ப்பது ஒயின் கடையை அல்ல, ஒரு பழைய ஆஸ்பத்திரியை! மஞ்சள், சிவப்பு, பச்சை ஓடுகளைக் கோலம் போட்டது மாதிரி அடுக்கிய கூரை. பெயர் ஓத்தெல் தியூ.

கட்டியவர் நிக்கோலா ரோலின், பர்கண்டி பிரபு பிலிப்பின் தலைமை அமைச்சர். நூறாண்டுப் போரில் பிரெஞ்சு அரசருக்கும் பர்கண்டிக்கும் 1435ல் சமாதானம் ஆனது. ஆனால் வேலையிழந்த படைவீரர்கள் கொள்ளைக் கூட்டங்களாகி ஊர் ஊராகச் சூறையாடினார்கள். பஞ்சமும் நோயும் வேறு. அந்த நிலையில்தான் 1443ல் ரோலினும் மனைவி கிகோன் தெ சலானும் ஏழைகளுக்காக இதைத் தொடங்கினார்கள். முதல் நோயாளி வந்தது 1452 ஜனவரி 1. இத்தனை பேரை ஏழையாக்கியவர் அவர்களுக்கு ஆஸ்பத்திரி கட்டுவது நியாயம்தானே என்று பதினோராம் லூயி மன்னர் கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு. ரோலின் அந்த அளவுக்குச் சொத்து சேர்த்தவர்.

கட்டடம் கட்டுவது சுலபம், அதை நடத்தும் செலவுக்கு எங்கே போவது? ரோலின் சலான் ஊர் உப்பளத்திலிருந்து வருடாவருடம் வருமானம் வர ஏற்பாடு செய்தார். பிறகு, 1457 முதல், ஊர்க்காரர்கள் திராட்சைத் தோட்டங்களைத் தானமாக எழுதி வைக்கத் தொடங்கினார்கள். பணமாகக் கொடுத்திருந்தால் விலைவாசி ஏற்றத்தில் என்றைக்கோ கரைந்திருக்கும். நிலம் கரையவில்லை. இன்று சுமார் 60 ஹெக்டேர், பெரும்பகுதி உயர்தரத் தோட்டங்கள். ரோலின் 1462ல் இறந்த பிறகும் கிகோன் அங்கேயே இருந்து பணிகளைப் பார்த்துக்கொண்டார். அவரை அடக்கம் செய்ததும் அந்தக் கோயிலுக்குள்தான்.

1859லிருந்து அந்த ஒயின் பொது ஏலத்தில் விற்கப்படுகிறது. நவம்பர் மூன்றாவது ஞாயிறு ஏல நாள். வாங்குபவர் எடுப்பது பாட்டில் அல்ல, 228 லிட்டர் பீப்பாய். அதுவும் இரண்டு மாதம் முன்பு பறித்த பழத்தின் பச்சை ஒயின். இனிமேல்தான் அது பக்குவமாக வேண்டும். ஆக, கையில் இல்லாத பொருளின் தரத்தைக் கணித்து விலை சொல்லும் சந்தை இது. அந்த வருட பர்கண்டி விலை எப்படிப் போகும் என்பதற்கு வியாபாரிகள் இதைத்தான் பார்ப்பார்கள். (தர்ம காரியம் என்பதால் விலை கொஞ்சம் கூடுதலாகவே ஏறும், அதையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.) 2005ல் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலத்தை நடத்த வந்தது. அதிலிருந்து தனிநபர்களும் வாங்கலாம். 2021 முதல் சோத்பீஸ் நடத்துகிறது. 2022ல் ஏலத்தொகை ஏறத்தாழ 3 கோடி யூரோ. அதில் தனியாக வேறு தர்ம காரியங்களுக்கென்று ஏலம் விட்ட ஒரே பீப்பாய் மட்டும் 8,10,000 யூரோ!

பழைய கட்டடத்தின் பெரிய கூடத்தில் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்த காலமும் உண்டு. 1971ல் நோயாளிகள் புது ஆஸ்பத்திரிக்கு மாறியபின் இது அருங்காட்சியகமாகிவிட்டது. ஏலப்பணத்தில் கருவிகள் வாங்குவது அதே ஊரில் இயங்கும் அந்தப் புது ஆஸ்பத்திரிக்குத்தான்.