கோழிச் சந்தைக்கு ஒரு நாள் லீவு

இன்னைக்கு எபிசோட் ஹாங்காங் பத்தி. கோழி வழியா வர்ற ஒரு நோயை எங்கே வெட்டி நிறுத்தணும்னு கண்டுபிடிக்க அந்த நகரத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பத்து வருஷக் கதைதான் இது.

1997 மார்ச். ஹாங்காங்கோட கிராமப்புறத்துல மூணு பண்ணைகள்ல கோழிகள் கொத்துக் கொத்தா செத்துச்சு. மே மாசம் மூணு வயசுப் பையன் ஒருத்தன் ஆஸ்பத்திரியில இறந்து போனான். அவன் உடம்புல இருந்த வைரஸ் எதுன்னு தெரிய ஆகஸ்ட் ஆயிடுச்சு. அது எச்5என்1. பறவைகளோட நின்னுடும், மனுஷனுக்கு வராதுன்னு அதுவரைக்கும் நினைச்சிருந்த வகை. வருஷக் கடைசிக்குள்ள மொத்தம் 18 பேருக்கு வந்தது. அதில் 6 பேர் இறந்தார்கள்.

அந்த ஊர்ல கோழின்னா உயிரோட பார்த்து வாங்கணும். கூண்டைக் காட்டி, "இதைக் குடுங்க"ன்னு சொல்லி, அங்கேயே அறுத்து வாங்குறது. நமக்கு இதைப் புரிய வைக்கவே வேண்டாம், நம்ம ஊர் கறிக்கடையும் அதேதான். ஆனா அப்போ அங்கே கோழிக் கூண்டுக்குப் பக்கத்துலயே வாத்து, காடை எல்லாம் அடுக்கி வெச்சிருந்தாங்க. பெரும்பாலானவை சீனாவின் மற்ற பகுதிகளில் இருந்து லாரியில் வந்தவை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் கென்னடி ஷார்ட்ரிட்ஜ் குழு சந்தைகள்ல மாதிரி எடுத்துப் பார்த்தப்போ, ஏறக்குறைய ஐந்தில் ஒரு கோழியில் வைரஸ் இருந்தது.

டிசம்பர் கடைசியில் அரசு ஒரு முடிவு எடுத்தது: ஹாங்காங்கில் இருக்கிற எல்லாக் கோழிகளையும் கொல்வது. கோழி பிடிச்சுப் பழக்கமே இல்லாத அரசு ஊழியர்களும் அந்த வேலையில இறங்கினாங்க. சில நாட்களில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. மனுஷங்களுக்குப் புதுசா நோய் வர்றது அதோட நின்னுச்சு.

இங்கே கதை முடிஞ்சிருந்தா இந்த எபிசோடே தேவையில்லை.

1998 பிப்ரவரியில் கோழி இறக்குமதி மறுபடி ஆரம்பிச்சப்போ புது விதிகள் வந்தன. வர்ற கோழிகளுக்கு ரத்தப் பரிசோதனை. வாத்துகளைத் தனி இடத்தில் அறுத்து, கறியாக மட்டும் விற்கணும். ஏன்னா வாத்து நல்லா இருக்கிற மாதிரியே தெரியும், ஆனா வைரஸைச் சுமந்துட்டு இருக்கும். மரக் கூண்டுக்குப் பதிலா பிளாஸ்டிக் கூண்டு, ஏன்னா மரத்தில் ஊறின எச்சத்தைக் கழுவி எடுக்க முடியாது. எல்லாமே சரியான விதிகள்தான். இருந்தும் 2001ல் சந்தைகளில் மறுபடி எச்5என்1. மறுபடியும் பத்து லட்சத்துக்கும் மேல பறவைகளைக் கொல்ல வேண்டி வந்தது.

எங்கே ஓட்டை? ஒரு சில்லறைக் கடையை நினைச்சுப் பாருங்க. இன்னைக்கு 50 கோழி வருது, 40 விற்குது. மிச்சம் 10 கூண்டுலயே இருக்கு. நாளைக்குப் புதுசா வர்ற 50 அதே கூண்டுல, அந்தப் பத்தோட சேருது. நாளை மறுநாளும் இதே கதை. கடை ஒரு நாள்கூட முழுசா காலியாகிறதே இல்லை. வைரஸுக்கு ஒரே கோழியில் ரொம்ப நாள் வாழ வேண்டிய அவசியமே இல்லை, அடுத்த கோழிக்குத் தாவினால் போதும். அந்த அடுத்த கோழியை நாமளே தினமும் கொண்டு வந்து விட்டுக்கிட்டு இருக்கோம்.

அதனால 2001 ஜூலையில் ஒரு எளிமையான விதி வந்தது. மாசத்துல ஒரு நாள் எல்லா உயிர்க்கோழிக் கடைக்கும் லீவு. விற்காத கோழியை எல்லாம் அறுத்துடணும், கடையைக் கழுவிக் கிருமிநாசினி அடிக்கணும், ஒரு நாள் காலியா விடணும். அவ்வளவுதான்.

இது வேலை செய்யுதான்னு ஆராய்ச்சியாளர்கள் லீவுக்கு முன்னாடியும் பின்னாடியும் மாதிரி எடுத்துப் பார்த்தாங்க. இந்த முழுக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். எச்9என்2ன்னு இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் அந்தச் சந்தைகள்ல சாதாரணமா இருந்தது. லீவுக்கு அப்புறம் அது நல்லாவே குறைஞ்சிருந்தது. ஆனா நியூகாசில் நோய் வைரஸ், அதாவது நம்ம ஊர்ல வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட்னு சொல்ற நோயோட வைரஸ், குறையவே இல்லை.

என்னை மாதிரி சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா சில பிரச்சினை போயிடும், ஏன்னா அது ஓட ஓடச் சேர்ந்த குப்பை. சிலது போகாது, ஏன்னா தப்பு உள்ளே வர்ற டேட்டாவிலேயே இருக்கு. எச்9என்2 சந்தைக்குள்ளேயே பெருகின வைரஸ். வெள்ளைக்கழிச்சல் பண்ணையில இருந்தே கோழியோட வந்துட்டு இருந்த வைரஸ். சந்தையை எவ்வளவு கழுவினாலும் பண்ணை மாறாம அது போகாது.

பண்ணையிலும் அடிப்படை அதேதான்: சங்கிலியை அறுக்கணும். ஒரு ஷெட்ல ஒரே வயசுக் குஞ்சுகளை ஒண்ணா விட்டு, ஒண்ணா விற்று, கழுவி, கொஞ்ச நாள் காலியா போட்டு, அப்புறம்தான் அடுத்த பேட்ச். காட்டுப் பறவை நுழையாம வலை. லாரிச் சக்கரத்துக்குக் கிருமிநாசினி. 2003ல் ஹாங்காங் பண்ணைகளில் எல்லாக் கோழிகளுக்கும் தடுப்பூசி வந்தது. ஆனா ஒவ்வொரு பேட்ச்லயும் சில கோழிகளுக்கு மட்டும் வேணும்னே ஊசி போடாம விட்டாங்க. வைரஸ் உள்ளே வந்தா முதல்ல செத்து, காட்டிக் கொடுக்கிறது அந்தக் கோழிகள்தான்.

2008 ஜூன்ல சில்லறைச் சந்தையில மறுபடி வைரஸ். ஜூலையில இருந்து எந்தக் கடையிலயும் ராத்திரி உயிர்க்கோழி இருக்கக் கூடாதுன்னு விதி போட்டாங்க. மாசத்துக்கு ஒரு நாள்னு ஆரம்பிச்ச காலி, இப்போ தினமும்னு ஆச்சு.

இதுக்கு ஒரு விலையும் இருக்கு. மிச்சமான கோழி கடைக்காரருக்கு நஷ்டம். நிறைய பேர் அரசு கொடுத்த பணத்தை வாங்கிக்கிட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாங்க. 1997ல் 150க்கும் மேல இருந்த கோழிப் பண்ணைகள் இப்போ சுமார் 30. ஒரு ஊரோட தொழில் பாதுகாப்பாச்சு, ஆனா ரொம்பச் சின்னதாவும் ஆயிடுச்சு. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்லணும்.

நாமக்கல் பக்கம் போனா பண்ணை கேட்ல "வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது"ன்னு போர்டு பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை பார்க்கிறப்போ கோவப்படாதீங்க. அந்தச் சங்கிலியில அடுத்த கண்ணி உங்க செருப்பாவும் இருக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.