மூட்டு மாற்று முதல் முதுகுத்தண்டு வரை: எந்த அறுவை சிகிச்சையில் என்ன ஆபத்து?

நோய்த்தொற்று, கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறைதல், மயக்க மருந்தின் பக்கவிளைவு ஆகியவை எலும்பு அறுவை சிகிச்சைகள் அனைத்திற்கும் பொதுவானவை. ஆயினும் ஆபத்தின் அளவு சிகிச்சைக்குச் சிகிச்சை மாறுபடுகிறது. சிலவற்றைத் தள்ளிப்போடலாம், சிலவற்றில் தாமதமே பேராபத்து.

ஆர்த்ரோஸ்கோப்பி: சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யப்படும் இச்சிகிச்சையில் கடுமையான சிக்கல்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகின்றன. எனினும், மூட்டுத் தேய்மானத்திற்கு இதனால் பெரிய பலன் இல்லை.

முழங்கால் மூட்டு மாற்று: நூற்றில் ஓரிருவருக்கு மூட்டில் நோய்த்தொற்று ஏற்படுகிறது. அது ஆழமாகப் பரவினால் செயற்கை மூட்டையே அகற்ற நேரிடும். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், உடல் பருமன், புகைப்பழக்கம் ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. நூற்றில் 10 முதல் 20 பேருக்கு வலி முழுமையாகத் தீர்வதில்லை. இது திட்டமிட்டுச் செய்யப்படும் சிகிச்சை என்பதால், சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவரும் வரை காத்திருக்கலாம்.

இடுப்பு மூட்டு மாற்று: முழங்கால் சிகிச்சையை விட இதில் திருப்தி அடைவோர் அதிகம். ஆனால் முதல் சில மாதங்களில் மூட்டு நழுவும் வாய்ப்பு உண்டு. தரையில் சம்மணமிடுதல், குந்தி அமர்தல் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு கூறப்படுவது இதனால்தான். டீப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் வகை உலோக இடுப்பு மூட்டுகள், எதிர்பார்த்ததை விட அதிக அளவில் பழுதானதால், 2010-ல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. இந்திய நோயாளிகளும் இதனால் பாதிக்கப்பட்டனர். எனவே, பொருத்தப்படும் மூட்டின் பெயர், தொகுதி எண் அடங்கிய ஆவணத்தைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

முதுகுத்தண்டு: நரம்புக் காயம், தண்டுவட உறை கிழிதல் ஆகியவை இதில் ஏற்படக்கூடிய சிக்கல்கள். நிரந்தர முடக்கம் அரிது. வலி நீடிப்பதே பரவலான குறை. ஆனால் கால் பலவீனத்துடன் சிறுநீர், மலக் கட்டுப்பாடும் இழந்தால் உடனடி அறுவை சிகிச்சை தேவை.

முதியோரின் இடுப்பெலும்பு முறிவு: இவ்வரிசையில் ஆபத்து மிக்கது இதுவே. முறிவு ஏற்பட்ட முதியோரில் நூற்றில் 20 முதல் 30 பேர் ஓராண்டுக்குள் உயிரிழப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. வயதைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தவிர்த்தால் படுக்கைப் புண், நிமோனியா, ரத்த உறைவு ஆகியவை தொடர்கின்றன. பெரும்பாலானோருக்கு 48 மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல்.