ரியுக்கியுவா, ஒகினாவாவா, நான்செயா? ஒரு தீவுத்தொடரின் புவியியலும் பெயர்களின் அரசியலும்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் தெற்கே இருப்பது கியூஷு. அதன் தென்முனையிலிருந்து தாய்வானை நோக்கி ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு தீவு வரிசை வில்லைப்போல வளைந்து கிடக்கிறது. ஒருபுறம் கிழக்குச் சீனக் கடல். மறுபுறம் பசிபிக்கின் பகுதியான பிலிப்பைன்ஸ் கடல். இந்த வரிசை முழுவதையும் ஜப்பானிய அரசின் வரைபடங்கள் ‘நான்செய்’ தீவுகள் என்கின்றன. ஆங்கில வரைபடங்கள் பெரும்பாலும் ‘ரியுக்கியு’ என்கின்றன. சர்வதேசச் செய்திகளில் அதிகம் அடிபடுவது ‘ஒகினாவா’.

மூன்றும் ஒரே இடத்தின் மாற்றுப் பெயர்கள்போலத் தோன்றும். ஆனால் அவை குறிக்கும் எல்லைகள் வேறு. அவற்றைச் சூட்டியவர்கள் வேறு. சூட்டப்பட்ட காரணங்களும் வேறு. தாய்வானை முன்னிட்டு அமெரிக்காவும் சீனாவும் முறுகிக்கொண்டிருக்கும் இக்காலத்தில் இத்தீவுகளின் பெயர்கள் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அச்செய்திகளை இன்னும் தெளிவாக வாசிக்கலாம்.

கடலடியில் பிறந்த வரிசை

பிலிப்பைன்ஸ் கடற்தட்டு யூரேசியத் தட்டின் கீழ் அமிழும் விளிம்பில்தான் இத்தீவுகள் எழுந்தன. வரிசையின் பசிபிக் பக்கத்தில் 7,000 மீற்றருக்கும் ஆழமான ரியுக்கியு அகழி. சீனப் பக்கத்தில் 2,000 மீற்றருக்கும் ஆழமான ஒகினாவாப் பள்ளம். இடையே நீர்மட்டத்துக்கு மேல் தலைகாட்டும் முகடுகளே தீவுகள். தட்டுகள் உரசும் இடமாகையால் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இங்கு புதியவையல்ல. 1771இல் யாயெயாமா, மியாக்கோ தீவுகளைத் தாக்கிய ஆழிப்பேரலை ஏறத்தாழ 12,000 பேரைக் கொன்றது.

வெப்பமான குரோஷியோ நீரோட்டம் தாய்வானுக்கும் யொனகுனித் தீவுக்கும் இடையே புகுந்து, வரிசையின் மேற்குப் பக்கமாக வடக்கே ஓடி, தொக்காராத் தீவுகளின் அருகே மீண்டும் பசிபிக்கில் இறங்குகிறது. இதனால் கடல் ஆண்டு முழுவதும் இதமாக இருக்கிறது. நாஹா நகரில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 17 பாகை செல்சியஸ். ஆண்டு மழை 2,000 மில்லிமீற்றரைத் தாண்டும். கோடையிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் சூறாவளிகள் வரும். கரும்பு, அன்னாசி, கண்டல், பவளப்பாறை என்று ஜப்பானின் மற்றப் பகுதிகளிலிருந்து மாறுபட்ட நிலக்காட்சி இங்குண்டு.

நீண்டகாலம் கண்டத்திலிருந்து பிரிந்திருந்ததால் வேறெங்கும் இல்லாத உயிர்கள் இங்கு எஞ்சியுள்ளன. அமாமியின் கரிய முயல், ஒகினாவாவின் வடகாட்டில் வாழும் பறக்கமாட்டாத யன்பாரு குயினா, இரியொமொத்தேயின் காட்டுப்பூனை ஆகியவை அவற்றுட் சில. அந்தப் பூனையை அறிவியல் உலகம் அறிந்தது 1967இல். குயினாப் பறவை விவரிக்கப்பட்டது 1981இல்தான். அமாமி ஓஷிமா, தொக்குனோஷிமா, ஒகினாவாவின் வடபகுதி, இரியொமொத்தே ஆகியவற்றை யுனெஸ்கோ 2021இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வடக்கிலிருந்து தெற்காக

முதலில் ஒசுமித் தீவுகள். இதில் யாக்குஷிமாவின் மலை 1,936 மீற்றர் உயரம். அருகிலுள்ள தனெகஷிமாவில் 1543இல் போர்த்துக்கீசர் வழியாகத் துப்பாக்கி வந்திறங்கியது. அதன்பின் நெடுங்காலம் ஜப்பானியர் அத்துப்பாக்கியையே ‘தனெகஷிமா’ என்று அழைத்தனர். அடுத்துச் சிறிய எரிமலைத் தீவுகளான தொக்காரா, பிறகு அமாமி. இம்மூன்று கூட்டங்களும் ககோஷிமா மாகாணத்தைச் சேர்ந்தவை.

அமாமிக்குத் தெற்கே ஒகினாவா மாகாணம் தொடங்குகிறது. நடுவில் ஒகினாவாத் தீவும் அதன் சுற்றுத் தீவுகளும். அப்பால் மியாக்கோ, அதற்கும் அப்பால் இஷிகாக்கி, இரியொமொத்தே முதலியவை சேர்ந்த யாயெயாமா. மியாக்கோவையும் யாயெயாமாவையும் சேர்த்துச் ‘சக்கிஷிமா’ என்பர். ‘முன்னால் உள்ள தீவுகள்’ என்பது பொருள். கடைக்கோடியிலுள்ள யொனகுனியிலிருந்து தாய்வான் ஏறத்தாழ 110 கிலோமீற்றர்தான். நாஹா அதைவிட நான்கு மடங்குக்கு மேல் தூரம்.

ரியுக்கியு: சீனம் தந்த பெயர்

ஏழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சுயி வம்ச வரலாற்றில் ‘லியுச்சியு’ என்றொரு கடல் நாடு வருகிறது. அது ஒகினாவாவா தாய்வானா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. 1372இல் மிங் பேரரசர் அனுப்பிய தூதரை ஒகினாவாவின் சூசான் மன்னர் சத்தோ ஏற்றுத் திறை செலுத்தத் தொடங்கிய பின்னரே பெயர் இங்கு நிலைத்தது. ஒகினாவா ‘பெரிய லியுச்சியு’, தாய்வான் ‘சிறிய லியுச்சியு’ என்று சீனர் பிரித்தனர். அதன் எச்சமாகத் தென் தாய்வானின் கரையோரத் தீவொன்று இன்றும் ‘சிறிய லியுச்சியு’ என்றே அழைக்கப்படுகிறது.

1429இல் ஷோ ஹாஷி ஒகினாவாவின் மூன்று அரசுகளை ஒன்றிணைத்தார். ஷுரியைத் தலைநகராகக் கொண்ட ரியுக்கியு அரசின் கப்பல்கள் சீனா, கொரியா, சியாம், மலாக்கா என்று சென்றன. தமிழ் வணிகர் கோலோச்சிய அதே மலாக்காத் துறையில் இவர்களும் நங்கூரமிட்டனர். பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீச நூல்கள் இவர்களை ‘லெக்கியோஸ்’ என்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ‘லூச்சூ’ என்று எழுதினர்.

இப்பெயரும் எல்லாத் தீவினருக்கும் இனிப்பதல்ல. 1609இல் சத்சுமா படையெடுத்த பின் அமாமி ரியுக்கியுவிடமிருந்து பறிக்கப்பட்டது. ‘நாங்கள் ரியுக்கியர் அல்லர்’ என்போர் அங்கு பலர். மியாக்கோவும் யாயெயாமாவும் ஷுரி அரசுக்குக் கடுமையான தலைவரி செலுத்தின. 1637இல் தொடங்கிய அவ்வரி, அந்த அரசே மறைந்து இருபதாண்டுகளுக்கு மேலான பிறகும் நீடித்து, 1903இல்தான் ஒழிந்தது. ரியுக்கியு என்ற சொல் அவர்களுக்குத் தம் பெருமையை மட்டுமல்ல, தம்மை ஆண்டவர்களையும் நினைவூட்டும்.

ஒகினாவா: ஒரு தீவு மாகாணமான கதை

‘உச்சினா’ என்பது ஒகினாவா மக்கள் தம் தீவைக் குறிக்கும் சொல். சீனத் துறவி ஜியன்சென் 753இல் ஜப்பானுக்குச் சென்ற பயணத்தைக் கூறும் நூலில் ‘அக்கோனாஹா’ என்றொரு தீவு வருகிறது. இச்சொல்லின் மிகப் பழைய பதிவாக அது கருதப்படுகிறது. ‘ஆழ்கடல்’, ‘கயிறு’ என்ற பொருளுள்ள இரண்டு எழுத்துகளால் இன்று ஒகினாவா எழுதப்படுகிறது. 1719இல் ஜப்பானிய அறிஞர் அராய் ஹக்குசெக்கி எழுதிய நூலால் பரவிய எழுத்துமுறை இது. அந்த எழுத்துகள் ஒலிக்காகப் பொருத்தப்பட்டவை. அவற்றைக்கொண்டு ‘கடலில் மிதக்கும் கயிறு’ என்று பெயருக்குப் பொருள் சொல்வது பிற்காலக் கற்பனை.

1872இல் மெய்ஜி அரசு ரியுக்கியு அரசைத் தன் ஆளுகைக்குட்பட்ட களமாக்கியது. 1879இல் மன்னர் ஷோ தாய் அகற்றப்பட்டார். தீவுகள் ‘ஒகினாவா மாகாணம்’ ஆயின. சீனம் உச்சரித்த ரியுக்கியுவை விலக்கி, உள்ளூர்ச் சொல்லை ஜப்பானிய வடிவில் எடுத்ததில் அரசியல் கணக்கு இருந்தது: சீனாவுடனான பழைய உறவைப் பெயரிலிருந்தே துடைப்பது. மியாக்கோவாசி ஒருவர் நாஹாவுக்குப் புறப்படும்போது ‘ஒகினாவாவுக்குப் போகிறேன்’ என்று சொல்வது இன்றும் வழக்கம். அவரும் ஒகினாவா மாகாணத்தவர்தான்.

‘நான்செய்’ அதற்குப் பின் வந்தது. 1880களின் பிற்பகுதியில் ஜப்பானியக் கடற்படையின் நீரியல் திணைக்களம் கியூஷுவுக்கும் தாய்வானுக்கும் இடைப்பட்ட அனைத்தையும் குறிக்க இதை எடுத்தாண்டது. பொருள் ‘தென்மேற்கு’. தோக்கியோவில் நின்று பார்ப்பவருக்கே இத்தீவுகள் தென்மேற்கு.

மேற்கு என்று எழுதி வடக்கு என்று பொருள்

ரியுக்கிய மொழிகளில் கிழக்கு ‘அகாரி’, அதாவது ஞாயிறு எழும் பக்கம். மேற்கு ‘இரி’, அதாவது ஞாயிறு புகும் பக்கம். வடக்கு ‘நிஷி’. ஜப்பானிய மொழியிலோ ‘நிஷி’ என்றால் மேற்கு. ஷுரிக்கு வடக்கே இருந்ததால் ‘நிஷிஹாரா’ எனப்பட்ட ஊர், எழுத்தில் ‘மேற்கு வெளி’ ஆகிவிட்டது. வரைபடத்தில் அது தலைநகருக்கு மேற்கே இல்லை. மாறாக, இரியொமொத்தேயில் ‘மேற்கு’ எழுத்து உண்மையிலேயே மேற்கைக் குறிக்கிறது. ஆனால் ஒலி ‘இரி’. ஒகினாவாவுக்குக் கிழக்கே தனித்துக் கிடக்கும் தாயித்தோவின் உள்ளூர்ப் பெயர் ‘உஃபுஅகாரி’. இரண்டுக்கும் பொருள் ‘பெரிய கிழக்கு’.

ஊர்ப்பெயர்கள் ஒலி மாறியபோது பேச்சும் ஒடுக்கப்பட்டது. பாடசாலையில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகையொன்றைத் தொங்கவிட்டனர். அடுத்து அகப்படும் பிள்ளைக்கு அது கைமாறும். 1945 ஏப்ரலில், ஒகினாவா மொழி பேசுவோர் உளவாளிகளாகக் கருதித் தண்டிக்கப்படுவர் என்று ஜப்பானிய இராணுவம் கட்டளையிட்டது. அமாமி, குனிகாமி, ஒகினாவா, மியாக்கோ, யாயெயாமா, யொனகுனி ஆகிய ஆறையும் அழியும் ஆபத்திலுள்ள தனி மொழிகளாக யுனெஸ்கோ 2009இல் பட்டியலிட்டது. கிளைவழக்கு என்று சொல்லி ஒதுக்கப்பட்டவை அவை.

1951: சன் பிரான்சிஸ்கோவும் கொழும்பும்

1945இன் ஒகினாவாப் போரில் மாண்டோரின் பெயர்கள் இத்தோமானில் உள்ள அமைதிக் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. 2,40,000க்கும் அதிகமான பெயர்கள். எதிரிப் படையினரின் பெயர்களும் அவற்றில் உண்டு. போருக்குப் பின் தீவுகள் அமெரிக்கப் படையின் கையில் வந்தன. புதிய ஆட்சியாளர் ஒதுக்கப்பட்டிருந்த ‘ரியுக்கியு’வை மீட்டெடுத்தனர். 1950இல் ரியுக்கியு பல்கலைக்கழகம், 1952இல் ரியுக்கியு அரசாங்கம். ஜப்பானிலிருந்து இவை வேறானவை என்று காட்ட அப்பெயர் வசதியாக இருந்தது.

1951 செப்டெம்பரில் சன் பிரான்சிஸ்கோவில் சமாதான மாநாடு கூடியது. இலங்கையின் நிதியமைச்சராயிருந்த ஜே.ஆர். ஜெயவர்தன அங்கு ஆற்றிய உரையை நம் பாடநூல்கள் அறியும். பகையைப் பகை தணிக்காது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, இழப்பீடு வேண்டாம், ஜப்பான் சுதந்திரமாக இருக்கட்டும் என்றார். காமகுராவில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. ஆனால் இலங்கையும் கையொப்பமிட்ட அதே உடன்படிக்கையின் மூன்றாம் உறுப்புரை, வடக்கு 29 பாகைக்குத் தெற்கேயுள்ள நான்செய்த் தீவுகளின் ஆளுகையை அமெரிக்காவிடம் விட்டது. ஜப்பானுக்கு விடுதலை கிடைத்த 1952 ஏப்ரல் 28, ஒகினாவாவில் ‘அவமான தினம்’ எனப்படுகிறது. 2013இல் ஜப்பானிய அரசு அந்நாளை இறைமை மீண்ட நாளாகக் கொண்டாடியபோது, ஒகினாவாவில் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. இலங்கையில் பெருமையோடு நினைவுகூரப்படும் அந்த உடன்படிக்கையைப் பற்றி ஒகினாவாவில் பேசும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பேசவேண்டும்.

தொக்காரா 1952 பெப்ரவரியிலேயே திரும்பியிருந்தது. அமாமி 1953 டிசெம்பர் 25இலும், ஒகினாவா 1972 மே 15இலும் ஜப்பானிடம் திரும்பின. தளங்கள் திரும்பவில்லை. ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 0.6 சதவீதமே கொண்ட ஒகினாவாவில், அமெரிக்கப் படைகள் தனித்துப் பயன்படுத்தும் தள நிலத்தின் ஏறத்தாழ 70 சதவீதம் உள்ளது. ஹெனோக்கோவில் புதிய தளத்துக்காகக் கடலை நிரப்புவது பற்றி 2019 பெப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 72 சதவீதத்தினர் எதிர்த்தனர். வேலை நிற்கவில்லை.

பெயர்ச்சண்டை முடியவில்லை

யாயெயாமாவுக்கு வடக்கேயுள்ள ஆளில்லாத் தீவுகளை ஜப்பான் ‘சென்காக்கு’ என்கிறது. சீனா ‘தியாவ்யூ’ என்கிறது. தாய்வான் ‘தியாவ்யூதாய்’ என்கிறது. சென்காக்கு என்பதும் பழைய பெயரல்ல. ஆங்கிலேய மாலுமிகள் கூர்மையான பாறைகளைக் கண்டு வைத்த பெயரைத் தழுவி 1900இல் ஜப்பானியர் ஆக்கிய சொல். 2020இல் இஷிகாக்கி நகரசபை அத்தீவுகளின் நிர்வாகப் பெயரை ‘தொனோஷிரோ’ என்பதிலிருந்து ‘தொனோஷிரோ சென்காக்கு’ என்று மாற்றியது. ஒரு நகரசபையின் முகவரித் திருத்தத்துக்குப் பெய்ஜிங்கும் தாய்பேயும் கண்டனம் தெரிவித்தன.

2016இல் யொனகுனி, 2019இல் அமாமியும் மியாக்கோவும், 2023இல் இஷிகாக்கி என்று ஜப்பானிய தற்காப்புப் படை முகாம்கள் தெற்கே இறங்கி வருகின்றன. டோக்கியோவின் பாதுகாப்பு ஆவணங்களில் இப்பகுதிக்கு வழங்கும் சொல் ‘தென்மேற்கு’.

ஆகவே, செய்தியொன்றில் ‘நான்செய்’ என்று கண்டால் கியூஷு முதல் தாய்வான் வரையிலான முழு வரிசையையும் நினைக்கலாம். ‘ஒகினாவா’ என்றால் தீவா மாகாணமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘ரியுக்கியு’ என்றால் சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டும். வரலாற்றாசிரியர், தனித்துவம் கோரும் ஒகினாவா இளைஞர், அத்தீவுகள் ஜப்பானுடையவையா என்று கேள்வி எழுப்பும் சீன எழுத்தாளர் ஆகிய மூவரும் அதே சொல்லை எடுப்பார்கள்; மூவரின் நோக்கமும் ஒன்றல்ல. யொனகுனியின் முதியவரைக் கேட்டால் இவற்றில் எதையும் சொல்லாமல் ‘துனன்’ என்பார். அது அவர் தீவின் பெயர்.