வீழ்ந்த அணியும் விழித்த இரசிகரும்

விளையாட்டில் தோல்வி இயல்பு. ஓராண்டு தோற்ற அணி மறு ஆண்டு வெல்லும். வென்ற அணி தோற்கும். ஆனால், வீழ்ச்சி ஆடுகளத்தில் நேராமல் அணியை நடத்திய நிறுவனத்தின் ஒழுக்கத்தில் நேர்ந்துவிட்டால் அதனை மீண்டும் எழுப்புவது எங்ஙனம்? புதிய பயிற்றுநரும் உயரமான ஆட்டக்காரர் நால்வரும் வந்துவிட்டால் போதுமா? அல்லது, அந்த அணியை நேசித்த மக்களின் மனமும் மாற வேண்டுமா?

இவ்வினாக்களை அமெரிக்க நாட்டின் கெண்டகி மாநில மக்கள் இருபதாம் நூற்றாண்டில் இருமுறை எதிர்கொண்டனர். முதன்முறை அவர்கள் தந்த விடை ஒன்று. இரண்டாம் முறை தந்த விடை வேறொன்று. அவ்விரண்டையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியர் தந்த ஆட்டம்

கூடைப்பந்தாட்டம் ஓர் ஆசிரியரின் படைப்பு. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், உடற்பயிற்சி ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்களுக்காக இதனை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டு, கால்பந்து ஒன்று, விதிகள் 13. இவையே அதன் முதல் முதலீடு.

அவ்வாட்டம் விரைவிலேயே அமெரிக்கக் கல்லூரிகளில் வேரூன்றியது. அந்நாட்டில் கல்லூரி அணி என்பது மாணவர் பொழுதுபோக்கு மட்டுமன்று, ஊரின் மானம். தேர்ந்த ஆட்டக்காரருக்குப் படிப்புதவித் தொகை உண்டு, ஆனால் 2025 வரை கல்லூரிகள் ஊதியம் தந்ததில்லை. கல்லூரிகள் தமக்குள் அமைத்த தேசியச் சங்கம் விதிகளை வகுத்தது. 1939 முதல் தேசியப் போட்டித் தொடரையும் நடத்தி வருகின்றது.

நிலக்கரிச் சுரங்கங்களும் குதிரைப் பண்ணைகளும் நிறைந்த கெண்டகியில் இப்பற்று உச்சத்தை எட்டியது. லெக்சிங்டன் நகரிலுள்ள கெண்டகிப் பல்கலைக்கழகத்தின் அணிக்கு 1930இல் பயிற்றுநராய் வந்த அடால்ஃப் ரப், 1972 வரை அப்பொறுப்பில் இருந்து 876 வெற்றிகளை ஈட்டினார். மலைச் சிற்றூர்களில் மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து அவ்வணியின் ஆட்டங்களைச் செவியால் கண்டனர். 1976இல் ஏறத்தாழ 23,000 பேர் அமரத்தக்க அரங்கு எழுந்தபோது அதற்கு அவர் பெயரையே சூட்டினர்.

முதல் வீழ்ச்சி

ரப்பின் அணி 1948, 1949, 1951 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் கெண்டகி ஆட்டக்காரர் ஐவர் இருந்தனர். சூதாடிகள் தம் பிள்ளைகளை நெருங்கவும் இயலாது என்று ரப் பெருமைபடக் கூறியதும் உண்டு.

1951 அக்டோபரில் அப்பெருமை சரிந்தது. 1949ஆம் ஆண்டு ஆட்டமொன்றில் புள்ளி வேறுபாட்டைக் குறைத்து ஆடுவதற்காகச் சூதாடிகளிடம் பணம் பெற்றனர் என்று அவ்வணியின் முன்னாள் ஆட்டக்காரர் மூவர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் இருவர் இலண்டனில் தங்கம் பெற்றவர்கள். அவ்விருவரும் தொழில்முறை ஆட்டத்திலிருந்து வாழ்நாள் முழுமைக்கும் விலக்கப்பட்டனர். வழக்கை விசாரித்த நியூயார்க் நீதிபதி சால் ஸ்ட்ரைட், பல்கலைக்கழகம் விளையாட்டையே வணிகமாக்கிவிட்டது எனக் கடுமையாகக் கண்டித்தார். 1952-53 பருவம் முழுவதும் கெண்டகி வேறெந்தக் கல்லூரியோடும் ஆட இயலவில்லை.

அத்தண்டனைக்கு அணி தந்த மறுமொழி வெற்றியே. தடை நீங்கிய 1953-54 பருவத்தில் ஆடிய 25 ஆட்டங்களையும் வென்றது. 1958இல் நான்காம் பட்டத்தையும் பெற்றது. மக்கள் மகிழ்ந்தனர், வீழ்ச்சியை மறந்தனர். அணி எழுந்தது, ஆயின் இல்லம் திருந்தியதா? பணம் புழங்கிய வழிகளையும், வெற்றியைக் கொணர்பவர் எவராயினும் அவர் செயலை வினவாத வழக்கத்தையும் எவரும் அடைக்கவில்லை. அதன் விளைவைப் பின்வந்த தலைமுறை அறுவடை செய்தது.

இரண்டாம் வீழ்ச்சி

1985 அக்டோபரில் லெக்சிங்டன் நகரத்து நாளேடு ஒன்று தொடர் கட்டுரை வெளியிட்டது. முன்னாள் ஆட்டக்காரர் 33 பேரை அதன் செய்தியாளர் பேட்டி கண்டிருந்தனர். விதிக்குப் புறம்பான கொடுக்கல் வாங்கல் நடந்ததை அறிந்திருந்தோம் என்றனர் 31 பேர். அதில் தாமும் பங்குற்றதாக ஒப்புக்கொண்டனர் 26 பேர். பணம் கொடுத்தவர் யாவர்? சூதாடிகளல்லர். அணியின்பால் அன்பு கொண்ட செல்வர்கள். ஆட்டம் முடிந்ததும் இளைஞரைக் கைகுலுக்கிப் பாராட்டும்போதே பணத்தாளையும் கையில் வைத்தழுத்திய இரசிகர்கள்.

ஊர் கொதித்தெழுந்தது, ஆனால் குற்றத்தின் மீதன்று, குற்றத்தை எழுதிய ஏட்டின் மீது! சந்தாதாரர் பலர் ஏட்டை நிறுத்தினர். வெடிகுண்டு மிரட்டலும் வந்தது. மறு ஆண்டு அக்கட்டுரைத் தொடருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கண்ணாடி காட்டிய முகத்தைக் கண்டு வெகுண்டு கண்ணாடியையே உடைக்க முயலும் மனநிலை எந்நாட்டிற்கும் பொதுவானது போலும்.

1988 இளவேனிற் பருவத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் விரைவுப்பொதி நிறுவனமொன்றின் கூடத்தில் ஓர் உறை பிரிந்துகிடந்தது. கெண்டகி அணியின் துணைப் பயிற்றுநர் ஒருவர் பெயரில், அணியில் சேரவிருந்த மாணவன் ஒருவனின் தந்தைக்கு அனுப்பப்பட்ட அவ்வுறையில் 1,000 டாலர் இருந்ததாகக் கூறப்பட்டது. துணைப் பயிற்றுநர் அதனை மறுத்து, அந்நிறுவனத்தின் மீது வழக்கும் தொடுத்தார். அது நீதிமன்றத்திற்கு வெளியே தீர்வு பெற்றது. ஆயினும் அங்குத் தொடங்கிய விசாரணை நிற்கவில்லை. குற்றச்சாட்டுகள் 18 ஆயின. விளையாட்டுத் துறை இயக்குநர் விலகினார். 1988-89 பருவத்தில் அணி 13 ஆட்டங்களை வென்று 19இல் தோற்றது. 1927க்குப் பின் வெற்றியினும் தோல்வி மிகுந்த முதற் பருவம் அதுவே. 1989 மார்ச்சில் பயிற்றுநர் எடி சட்டனும் பதவி துறந்தார்.

1989 மே மாதத்தில் தேசியச் சங்கம் தீர்ப்புரைத்தது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. இரண்டாண்டுகளுக்குத் தேசியத் தொடரில் இடமில்லை. ஓராண்டு தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பில்லை. புதிய உதவித்தொகைகளுக்கும் வரம்பு. அணியையே மூடிவிடலாமா என்றும் சங்கம் ஆராய்ந்தது. பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் ரோசெல் உண்மையை மறையாது விசாரணையை நடத்த ஒத்துழைத்தமையே அணியைக் காத்தது. அவரோ அதற்காக இரசிகர் பலரின் சினத்திற்கு ஆளானார். அவ்வாண்டு இறுதியில் அவர் வேறொரு பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்டார்.

இரசிகர் வழக்காடல்

இந்நிலையில் கெண்டகி மக்களிடையே எழுந்த வாதங்களை மூவகையாகப் பகுக்கலாம்.

ஒரு சாரார், எல்லாக் கல்லூரிகளும் செய்வதைத்தானே நாமும் செய்தோம், நமக்கு மட்டும் ஏன் தண்டனை என்றனர். பிறர் குற்றத்தைச் சுட்டித் தம் குற்றத்தை நேராக்கும் வாதம் இது. வகுப்பறையில் நாம் அன்றாடம் கேட்பதும் இதுவே!

மற்றொரு சாரார், விரைந்து வெல்லும் அணியே வடுவை ஆற்றும் என்றனர். 1954 அவர்களுக்குச் சான்றாயிற்று. மூன்றாம் சாரார் மட்டுமே கடினமான வினாவை எழுப்பினர்: வெல்லாத ஆண்டுகளிலும் நாம் இவ்வணியை நேசிப்போமா? நேசிப்போமெனில், வெற்றிக்காகப் பொய்யுரைக்க எவருக்கும் தேவை எழாதன்றோ?

அணியை எழுப்பும் பொறுப்பு சி. எம். நியூட்டனிடம் வந்தது. அவர் கெண்டகியின் 1951ஆம் ஆண்டுப் பட்ட அணியில் ஆடியவர். பின்னர் அலபாமாப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராயிருந்தபோது, 1969இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின உதவித்தொகை ஆட்டக்காரரைச் சேர்த்தவர். கெண்டகியிலோ ரப் 1969 வரை கறுப்பினத்தவர் எவரையும் அணியில் சேர்க்கவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. நியூட்டன் தேர்ந்த பயிற்றுநர் ரிக் பிட்டினோ, நியூயார்க் தொழில்முறை அணியை நடத்தி வந்தவர். பெருநகரத்து இளைஞர் நம் மண்ணின் மனத்தை அறிவாரா என்ற ஐயம் எழுந்தது. 1990இல் பெர்னடெட் லாக் என்னும் பெண்மணி துணைப் பயிற்றுநராய் அமர்ந்தார். ஆடவர் அணியில் ஒரு பெண் அப்பணியில் அமர்வது அந்நாளில் அரிதினும் அரிது.

எஞ்சியவர் எழுந்தனர்

தீர்ப்பு வந்ததும் திறன்மிக்க ஆட்டக்காரர் சிலர் வேறு கல்லூரிகளை நாடினர். உதவித்தொகை பெற்ற எண்மரே எஞ்சினர். அவர்களுள் ரிச்சி ஃபார்மர், டெரோன் ஃபெல்ட்ஹாஸ், ஜான் பெல்ஃப்ரி ஆகிய மூவர் கெண்டகிச் சிற்றூர்களில் பிறந்தவர். ஷான் உட்ஸ் அண்டை மாநிலமாகிய இந்தியானாவைச் சேர்ந்தவர். குற்றம் இழைத்தவர் இவர்களல்லர். தண்டனையைச் சுமந்தவர் இவர்களே. இவ்வரலாற்றின் துயரம் அதுதான்.

உயரம் இல்லாத அணிக்கு ஓட்டமே உயரம் என்று பிட்டினோ கருதினார். களம் முழுவதும் எதிரணியை நெருக்கிப் பிடிப்பதையும், 1986-87 பருவத்தில் கல்லூரி ஆட்டத்தில் பொதுவிதியான மும்புள்ளி வீச்சையும் அவர் தம் இரு கருவிகளாகக் கொண்டார். தொடக்கத்தில் அடி பலமாகவே விழுந்தது. 1989 டிசம்பரில் கான்சஸ் பல்கலைக்கழகத்திடம் 95க்கு 150 என்னும் கணக்கில் தோற்றனர். ஆயினும் 1990 பிப்ரவரியில், பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஷகீல் ஓ'நீல் ஆடிய லூசியானா மாநில அணியை 100க்கு 95 என்று வென்றனர். அப்பருவத்தின் முடிவு 14 வெற்றி, 14 தோல்வி.

பட்டமில்லை, தொடரில் இடமில்லை, தொலைக்காட்சியில் நேரடியாகக் காணவும் வழியில்லை. இரசிகரோ அரங்கிற்கு வந்தனர். வர இயலாதவர் பழையபடி வானொலியை நாடினர். 1953 முதல் அவ்வணியின் ஆட்டங்களை வருணித்த காவுட் லெட்ஃபோர்டின் குரலே அவர்களுக்குக் கண்ணாயிற்று. பாதி வென்று பாதி தோற்ற அணியை ஒரு மாநிலம் பெருமையோடு கொண்டாடிய ஆண்டு அது. மூன்றாம் சாராரின் வினாவுக்கு விடை அங்கே பிறந்தது.

1990-91 பருவத்தில் 22 வெற்றி, 6 தோல்வி. தம் மண்டலத்தில் முதன்மையான கணக்கு. ஆயினும் தண்டனை காரணமாகப் பட்டம் உரித்தாகவில்லை. தடை நீங்கிய 1992இல், தேசியத் தொடரின் கிழக்கு மண்டல இறுதியில், முந்திய ஆண்டு தேசியப் பட்டம் வென்ற டியூக் பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டனர். மார்ச் 28ஆம் நாள் பிலடெல்ஃபியா நகரில் நிகழ்ந்த அவ்வாட்டத்தில் இரு அணிகளும் 93 புள்ளிகளில் சமன்பட, கூடுதல் நேரம் தரப்பட்டது. 2.1 நொடி எஞ்சியிருந்தபோது ஷான் உட்ஸின் வீச்சால் கெண்டகி 103க்கு 102 என முன்னின்றது. டியூக்கின் கிராண்ட் ஹில் களத்தின் மறுகோடிக்குப் பந்தை எறிந்தார். கிறிஸ்டியன் லேட்னர் அதனைப் பற்றித் திரும்பி எய்தார். 104க்கு 103. கெண்டகி தோற்றது.

பந்தை எறிந்தவரை மறிக்க ஏன் ஒருவரை நிறுத்தவில்லை என்று இரசிகர் பின்னும் பல்லாண்டு வழக்காடினர். அது ஆட்ட நுணுக்கம் பற்றிய வாதம். பெரிய வாதம் வேறிடத்தில் முடிந்துபோயிருந்தது. லெக்சிங்டன் திரும்பிய சில நாட்களில் ஃபார்மர், ஃபெல்ட்ஹாஸ், பெல்ஃப்ரி, உட்ஸ் ஆகிய நால்வரின் ஆட்டச் சட்டைகளையும் ரப் அரங்கின் கூரையில் ஏற்றிச் சிறப்பித்தனர். தேசியப் பட்டம் ஒன்றும் பெறாதவர்களுக்கு, பட்டங்களையே எண்ணிப் பழகிய ஊர் அளித்த சிறப்பு அது. 'மறக்கவொண்ணாதவர்' என்றே அந்நால்வரையும் மக்கள் அழைக்கலாயினர்.

பின்னிகழ்வும் பாடமும்

1996இல் பிட்டினோவின் அணி சிராக்கியூசை 76க்கு 67 என வென்று தேசியப் பட்டம் பெற்றது. 1997இல் டபி ஸ்மித் அப்பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரானார். மறு ஆண்டே பட்டமும் வென்றார்.

ஆயினும் வரலாறு எவரையும் முழுமையாக வணங்க விடுவதில்லை. பிட்டினோ பின்னாளில் லூயிவில் பல்கலைக்கழகத்திற்கு 2013இல் பெற்றுத்தந்த பட்டம், விதிமீறல் காரணமாக 2018இல் நீக்கப்பட்டது. தூய்மை ஒரு தனி மனிதர் கொணர்ந்து வைத்துச் செல்லும் பொருளன்று. நிறுவனம் நாள்தோறும் பெருக்கிக் காக்க வேண்டிய முற்றம்.

மேலும் ஒன்று. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர் தம் பெயராலும் புகழாலும் பொருளீட்டலாம் என விதி தளர்ந்தது. 2025இல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி பிறந்தது. அங்ஙனமாயின் அன்றைய குற்றம் குற்றமன்றோ எனச் சிலர் வினவலாம். அரங்கு நிறைந்து பொருள் குவிய, ஆடியவனுக்கு மட்டும் பங்கில்லை என்ற விதி நேர்மையானதன்று என்பது உண்மை. ஆனால் தீய விதியை வெளிப்படையாக எதிர்த்து மாற்றுவது வேறு; விதியை வாயால் போற்றிக் கையால் மீறி, வெளிப்பட்டதும் பழியை இளைஞர் தோளில் ஏற்றுவது வேறு. கெண்டகியில் அன்று நிகழ்ந்தது பின்னது.

1954இல் கெண்டகி அணியை எழுப்பியது. 1989க்குப் பின் நம்பிக்கையை எழுப்பியது. முன்னதற்கு ஒரு பருவம் போதுமாயிருந்தது. பின்னதற்குத் தலைவர் ஒருவரின் துணிவும், இளைஞர் நால்வரின் பொறுமையும், தோற்கும் அணியையும் நேசிக்கக் கற்றுக்கொண்ட மக்களும் வேண்டியிருந்தனர்.

தேர்ச்சி விழுக்காட்டையும் வெற்றிக் கிண்ணத்தையும் கொண்டே பள்ளியை அளந்து பழகிய நமக்கும் இவ்வரலாறு உரித்தானது. பள்ளியின்பால் நாம் கொண்ட அன்பு, அப்பள்ளி மாணவனைப் பொய்யுரைக்கத் தூண்டுமானால் அது அன்பாகாது. தோற்றாலும் நேர்நின்ற பிள்ளையின் பெயரைக் கூரையில் ஏற்றிப் போற்றும் மனம் நமக்கு வாய்க்குமாயின், நம் பள்ளிகளில் எழுப்ப வேண்டியவை யாவும் தாமே எழும்.